மைக்கில் சொல்லக்கூடாதது

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வரை எங்கள் அணி தோற்றதே இல்லை. கோல் விழும், ஆட்டம் முடியும், வந்தவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு லொறியில் ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் நாங்கள் தோற்கவில்லை. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, எமது கோல் காப்பாளர் இந்தப் பந்தைத் தடுத்து எதிரணி வீரரின் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை" என்பார். பந்து வலைக்குள் கிடக்கும். வலை என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். பாதி கிழிந்து, உர மூட்டைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. அதையும் ஒருமுறை "காற்றோட்டமான புதுமுறை வலை" என்று அறிவித்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையைத் தாண்டி லுணுகலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வரும்போது சட்டையெல்லாம் பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும். வீட்டில் சொந்தமாக ஒரு மைக்செட், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. கோயில் திருவிழாவா, கல்யாணமா, சாவா, எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். சாதாரணமாக நம்மைப்போலத்தான் பேசுவார். மைக்கை வாங்கி, கைக்குட்டையைச் சுற்றி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவார். எங்கிருந்து அந்தத் தமிழ் வருமோ தெரியாது.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளையை "வாகனப் பொறியியலாளர்" என்று அறிவித்தார். என் வீட்டுக்காரர் ஹாலிஎலயில் ஒரு கராஜில் முச்சக்கர வண்டி திருத்துகிறவர். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மணவறையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்து முறைத்தேன். அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "சும்மா இரு தங்கச்சி. கேக்க நல்லாத்தானே இருக்கு" என்றார். உண்மைதான், கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அந்த உள்ளங்கையைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். சொல்ல வேண்டிய நிசத்தையெல்லாம் மைக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார். கையை எடுத்துவிட்டால் உலகத்தில் எந்தக் குறையும் இருக்காது.

எங்களுக்கு அவர்மேல் கோபமே வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். அதை அறிவிக்கும் வேலை இவருக்கு. "மழை நம்மை நலம் விசாரிக்க வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சூடான தேநீரும் பாடல்களும் காத்திருக்கின்றன. தங்கள் வசதிப்படி வருகை தரவும்" என்று ஆரம்பித்தார். சனங்கள் தங்கள் வசதிப்படி சோறாக்கி, சாப்பிட்டு, கோழியைப் பிடித்து அடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். நல்ல வேளையாக மண் சரியவில்லை. என் அம்மா அவரைக் கூப்பிட்டுத் திட்டினார். "பயமுறுத்தியா ஓட விடச் சொல்றீங்கம்மா, புள்ளைங்க அழுவாதா" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இனி கழகத்தின் கதை. எங்கள் உதைபந்தாட்டக் கழகம் அப்பா காலத்துக்கும் முந்தியது. மாவட்டப் போட்டிகளில் எங்கள் பெயர் எப்போதும் இருக்கும். பதுளையில் பஸ்ஸில் ஏறித் தோட்டத்தின் பெயரைச் சொன்னால், "ஆ, அந்த ஃபுட்போல் தோட்டமா" என்பார்கள். வேறு எதற்காகவும் யாரும் எங்களைத் தெரிந்துவைத்திருக்கவில்லை. என் தம்பி இடது பக்கத்தில் ஓடுகிறவன். மைதானத்துக்கு மேல்தான் பிள்ளைக் காம்பரா, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே நான் பிள்ளை பார்க்கிறேன். ஆட்டம் நடக்கிற நாட்களில் குழந்தைகளை ஜன்னலோரம் வரிசையாக உட்கார வைத்துவிட்டு நானும் பார்ப்பேன். கத்துவேன் என்றும் சொல்லலாம்.

கழகம் எப்படி நொடித்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சம்பளத்தில் எத்தனையோ பிடிப்பார்கள். கோயிலுக்கு, மரண உதவிச் சங்கத்துக்கு, தொழிற்சங்கத்துக்கு என்று அது பாட்டுக்குப் போகும். அதில் கழகச் சந்தாவும் ஒன்று. நிர்வாகம் கைமாறியபோது கழகச் சந்தாவை இனிப் பிடிக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கூடுதலாகப் பிடித்தால் தோட்டத்து ஆபீசான கந்தோருக்குப் படையெடுப்போம், குறைவாகப் பிடித்ததை யார் பார்த்தார்கள்? நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம், கழகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தோம். தன் காசைப் போட்டு ஓடவைத்தது பசறையில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. பெற்றோல் வரிசையில் நாடே நின்ற காலத்தில் அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். அப்புறம் லொறிக்குக் காசில்லை. பதுளை விளையாட்டுச் சாமான் கடையில் பந்துகூடத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அந்தப் பருவத்துக்குப் பதிவுசெய்யாவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று மாவட்டத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஆட்டம் இல்லாத தோட்டத்துக்கு மைதானம் எதற்கு என்று கந்தோரிலும் பேச்சு வந்துவிட்டது.

கழகச் செயலாளர், என் சித்தப்பா மகன், மைக் பிடிக்கிற இவரிடம் போய் நின்றான். கோயில் திருவிழாவில் நிலைமையை மைக்கில் எடுத்துச் சொல்லுங்கள், சனம் கையால் கொடுத்துவிடும் என்றான். இவரும் தலையை ஆட்டினார். தேர் இழுக்கும் நேரம், தோட்டமே கூடி நிற்கிறது. "எமது கழகம் தங்கள் பேராதரவால் சீரும் சிறப்புமாக இயங்கி வருகிறது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்." அவ்வளவுதான். அடுத்து பக்திப் பாட்டு.

பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள், "சீரும் சிறப்புமா இருந்தா நாம எதுக்குக் குடுக்கணும்?"

செயலாளர் அவரைத் தேருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தான். அவர் மைக்கைப் பொத்தியபடி அமைதியாகச் சொன்னார். "பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க எல்லாம் சாமி கும்பிட வந்திருக்காங்க தம்பி. அவங்க முன்னாடி நம்ம கிளப்பு பிச்ச எடுக்குதுன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

அப்போதுதான் கழகத்தை யாரோ வாங்கப் போகிறார்கள் என்ற கதை கிளம்பியது. கொழும்பில் பெரிய ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவர் செயலாளருக்குப் போன் எடுத்து, உங்கள் அணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன், ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றாராம். இரண்டாம் முறையும் எடுத்தாராம். அதற்குப் பிறகு செயலாளர் எடுத்தால் பதில் இல்லை. அவ்வளவு போதாதா எங்களுக்கு? தண்ணீர்ப் பீலியில் நின்று நாங்கள் பெண்கள் பேசாத பேச்சில்லை. ஹோட்டல் பெயரைக் கழகத்துக்கு வைப்பார்கள் என்றாள் ஒருத்தி. வைத்துக்கொள்ளட்டும், கழகம் இருந்தால் போதும் என்றாள் இன்னொருத்தி. வெளியூர்ப் பையன்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நம் பிள்ளைகளைப் பந்து பொறுக்க வைப்பார்கள் என்று ஒருத்தி சொல்லப்போக, நான் குடத்தை வைத்துவிட்டு அவளோடு சண்டைக்குப் போனேன். என் தம்பி இரவில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பான், "வருவாங்களாக்கா?" நான் என்னத்தைக் கண்டேன்?

இவருக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்தும் சாக்கில், "விரைவில் எமது கழகத்தைப் பொறுப்பேற்க ஒரு பெருமகன் எழுந்தருள்கிறார்" என்று அறிவித்தே விட்டார். சனங்கள் கை தட்டினார்கள். மணமக்கள் தங்களுக்குத்தான் என்று எழுந்து கும்பிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தின் ஓரத்தில் ஒரு கெப் வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சிங்கள இளைஞன் இறங்கி, மூன்று கால் கருவி ஒன்றை எடுத்து நட்டான். செயலாளர் ஓடினான். "ஹோட்டல்காரங்க ஆளு வந்துட்டாங்க. ஸ்டேடியம் கட்டுறவங்க மொதல்ல அளக்கத்தானே செய்வாங்க" என்றான். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நான் கோயிலில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் மேசை வந்தது, மேசைக்கு விரிப்பு வந்தது, மைக் வந்தது. தோட்டத்தில் யார் வீட்டிலும் இல்லாத பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை கழுத்தில் கிடக்க, வெட்கத்தில் சிவந்துபோய் நின்றான். அவனிடம் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: இந்த இடத்தை அளந்துவரச் சொன்னார்கள், எதற்கென்று எனக்குத் தெரியாது, உங்கள் அன்புக்கு நன்றி.

நான் கட்டுநாயக்கவில் கார்மென்ட்டில் வேலை செய்தவள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு மட்டுமா, அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் மைக் இவர் கைக்கு வந்துவிட்டது. "எமது மைதானத்தைக் கண்டு ஐயா அவர்கள் உள்ளம் பூரித்துப் போயிருக்கிறார். மாபெரும் திட்டம் ஒன்று மனதில் இருக்கிறது. அதை இப்போதே வெளியிட அவருடைய அடக்கம் இடம் கொடுக்கவில்லை!"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, தெரியாதுன்னுதானே சொல்றாரு."

அவர் மைக்கைப் பொத்தினார். "கேட்டுச்சு தங்கச்சி. அத மைக்குல சொல்ல முடியுமா? அவரு மொகத்தப் பாரு, நம்ம புள்ளைங்க மொகத்தப் பாரு." கையை எடுத்தார். "இந்த மைதானத்தைத் தங்கள் பொற்கரங்களில் முழுமனதோடு ஒப்படைக்கின்றோம்!"

தட்டினோம். கை வலிக்கத் தட்டினோம். என் தம்பி அளவு நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். நாடா சிக்காமல் இருக்கப் பையன்கள் புல்லை வெட்டிக் கொடுத்தார்கள். அளக்க வந்தவன் அடித்துவிட்டுப் போன சிவப்புத் தலை முளைகளை மாடு தள்ளிவிடாமல் வாரக்கணக்கில் காவல் காத்தோம். முளை ஆடிவிடுமே என்று பந்து விளையாடுவதைக்கூட நிறுத்திவிட்டோம்.

ஹோட்டல்காரரிடமிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பையனை அனுப்பியது தோட்டக் கம்பனி. மைதானத்திலிருந்து பார்த்தால் நமுனுகுலை மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த மைதானத்தில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்டப் போகிறார்கள் என்பது, வேலித் தூண்கள் லொறியில் வந்து இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கந்தோருக்குப் போனோம். ஆண்களும் பெண்களுமாக நிறையப் பேர். அவரும் எங்களோடு வந்தார், எனக்குப் பின்னால் நின்றார். மேனேஜர் தொரை நல்ல மாதிரிதான், எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிறகு தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். எங்கள் பையன்கள் கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் தாங்களே பெருமையாகப் போட்ட வீடியோ. மாலை தெரிந்தது. கோப்பை தெரிந்தது. நாடாவோடு ஓடும் என் தம்பி தெரிந்தான். "இந்த மைதானத்தைத் தங்கள் பொற்கரங்களில்" என்று அவர் குரல் அந்தச் சின்னப் போனிலிருந்து கீச்சென்று வந்தது.

"நீங்கதானே குடுத்தது. மாலையும் போட்டு" என்றார் தொரை. "யாரு இது பேசுறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். எனக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நாந்தாங்க தொரை. ஆனா அது மைக்குல பேசுனதுங்க."

"மைக்குல பேசுனா பொய்யா?" தொரை குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிசமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

வரும் வழியில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். அவர் ஒருவர்தான் செய்தார் என்பதுபோல ஒதுங்கி நடந்தோம். மறுநாள் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் "பொற்கரங்களில், பொற்கரங்களில்" என்று சொல்லி விளையாடின. வீட்டில் பெரியவர்கள் பேசாமல் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதட்டி நிறுத்தினேன்.

வேலி போடுவதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிடுவது என்று முடிவாயிற்று. பூனாகலைப் பக்கத்து அணி ஒன்றைக் கூப்பிட்டோம். அது கடைசி ஆட்டம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் யாருக்கும் காரணம் தெரியாது. வெளியாளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இறக்கிவைத்த வேலித் தூண்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, அதன்மேல் பாய் விரித்து, அவர்களோடு வந்த பெண்களை உட்கார வைத்தோம். "வசதியா இருக்குங்க, மேடை மாதிரி" என்றாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

மைக் பிடிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? முதல் பாதி முழுக்கப் பழையபடிதான். எங்களுக்குக் கோல் விழுந்தது, அதை விருந்தோம்பல் என்றார். சிரித்தோம். அவர் அப்படியே பேசிக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்று எல்லோருக்கும் இருந்தது.

இடைவேளையில் நான் தேநீர்த் தட்டோடு அவர் மேசைக்குப் போனேன். அவர் மைக்கில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லணும்" என்றார். மைக் தமிழில் அல்ல, வீட்டில் பேசுகிற மாதிரி. அந்தக் குரல் குழாய் வழியாக வந்து நாங்கள் கேட்டதே இல்லை. செயலாளருக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கம்பியைப் பிடுங்கினான்.

குழாய் அடங்கிவிட்டது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், செயலாளர் கையில் தொங்கிய கம்பியைப் பார்த்தார். நிறுத்தவில்லை. செத்துப்போன மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார். "கிளப்பு இனி இல்ல. திங்கக்கெழம இந்த எடத்த அடைக்கிறாங்க. யாரும் வாங்க வரல. அந்தப் புள்ள தெரியாதுன்னுதான் சொன்னிச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன். திருவிழாவுல காசில்லன்னு சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. மேசையைச் சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நானும் தட்டை எடுத்துக்கொண்டு விருந்தாளிகள் பக்கம் நடந்தேன்.

மேடை மாதிரி என்ற அந்தப் பெண் தேநீரை வாங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "மைக்கு போயிருச்சாங்க? என்ன சொல்றாரு அவரு?"

"ஒண்ணுமில்லங்க. தூரத்துல இருந்து வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றாரு."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். அவளைப் பார்த்து அந்த வரிசை முழுவதும் தட்டியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமல், நானும் தட்டினேன்.